வெள்ளிக்கிழமையில் மட்டும் வரும் அமாவாசை

ஆர்.கே.புரம், புது டெல்லி.
மாசி மாதம், வளர்பிறை. (அங்கே என்ன பிறையோ, அது உனக்கே வெளிச்சம்.)

நீண்ட ஆயுளும் குறையாத லீவும் பெற்ற என் பேரன் கௌதமனுக்கு, காலஞ்சென்ற உன் அப்பத்தா அம்சவேணி எழுதிக்கொள்வது.

இங்கே உன் அப்பா, அம்மா, தங்கை உதயா மூவரும் முருகன் புண்ணியத்தில் சுகம். நான் சுகமா இல்லையா என்பது எனக்கே நிச்சயமில்லை. நான் செத்து ஒரு வருடம் ஆகிறது என்பது எனக்குப் போன வாரம்தான் தெரியவந்தது. நெதர்லாந்தில் நீ சுகமாகத்தான் இருப்பாய். எமனுக்கே ஆள் அனுப்பி வைக்கிறவனுக்கு என்ன குறை வரப்போகிறது.

போன் பண்ணாமல் ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் கூப்பிட்டால், "அப்பத்தா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்பாய். அந்த அப்புறம் இதுவரைக்கும் வந்ததே இல்லை. அதுவும் போக, செத்தவள் போன் பண்ணுவது முறையில்லை. மானாமதுரையில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், என் எழுத்து கோழி கிளறினது போல இருக்கும், பொறுத்து வாசி. உன்னை மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில்தான் சேர்க்க வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றபோது உன் அம்மா தமிழ்செல்வி, "டெல்லியில தமிழ் படிச்சு இவன் என்னத்தை அத்தை வாசிக்கப்போறான்?" என்று கேட்டாள். இதைத்தான் வாசிக்கப்போகிறான் என்று அவளிடம் சொல். உதயாவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை, அவள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவள்தான் இந்தக் கடிதத்தை போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவாள், ஒரு வரி அவளுக்கு ஓடாது. அதனால் நிம்மதியாக எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பால்கனி வெயிலில் உட்கார்ந்து மட்டர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே உன் அப்பாவின் போனில் உன் முகம் தெரிந்தது. எனக்குக் காது மந்தம் என்று உங்கள் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. எனக்கு வேண்டாததுதான் கேட்காது. "அப்பா, ஒரு சின்னப் பிரச்சினை. என் மேனேஜர் மார்லீன் வேலை விஷயமா குர்காவ்ன் வந்திருக்காங்க. சனிக்கிழமை நம்ம வீட்டுக்கு வரணுங்கிறாங்க. அப்பத்தா படத்துக்குப் பூ வைக்கணுமாம்" என்றாய். உன் அப்பா, "எந்த அப்பத்தா? எந்தப் படம்?" என்று கேட்டான். "நம்ம அப்பத்தாதான்ப்பா. போன வருஷம் தவறிட்டாங்கன்னு ஆபீஸ்ல சொல்லிருக்கேன்." என் கையிலிருந்த மட்டர் உருண்டு கீழ்வீட்டு பால்கனிக்கே போய்விட்டது. உன் அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "எதுக்குடா அப்படிச் சொன்னே?" அதற்கு நீ சொன்ன பதில் என் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினது மாதிரி இன்னும் இருக்கிறது. "லீவு தீர்ந்துபோச்சும்மா."

உனக்கு லீவு தீர்ந்தது, அதனால் நான் தீர்ந்தேன். சரி.

"இருக்காங்கன்னு உண்மையச் சொல்லிட வேண்டியதுதானே" என்றான் உன் அப்பா. "ஐயோ, பொய்னு தெரிஞ்சா வேலை போயிரும்ப்பா. வேலை போனா விசாவும் போயிரும். மூட்டையைக் கட்டிட்டு அங்கதான் வரணும்" என்றாய். டெல்லிக்கு வருவதை என்னமோ ஜெயிலுக்குப் போவது போலச் சொன்னாய் பார், அதையும் குறித்து வைத்திருக்கிறேன், மனசில்.

அன்று சாயங்காலம் உதயாவைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். "அரே அப்பத்தா, சோடோ நா, விடுங்களேன்" என்று நழுவப் பார்த்தாள். விடவில்லை. அப்போதுதான் நீ போனில் ஒரு சானல் வைத்திருப்பதைக் காட்டினாள். புது நாட்டில் வேலையையும் விடாமல் ஊரையும் சுற்றுவது எப்படி என்று நீ உலகத்துக்குப் பாடம் எடுக்கிறாய். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, "அரசாங்க விடுமுறையோட ஒட்டி லீவு போடுங்க, முக்கியமா மேனேஜர்கிட்ட நேர்மையாப் பேசுங்க" என்கிறாய். அதற்குக் கீழே ஊர்ப்பட்ட பேர் கைதட்டுகிறார்கள். ஆபீஸ்காரர்கள் யாரும் பார்க்காதபடி பூட்டி வைத்திருக்கிறாயாமே. கைதட்டுகிற ஒருத்தருக்காவது தெரியுமா, இந்த வித்தைக்கு ஒரு கிழவி வேண்டும் என்று? கிழவி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்வார்கள், பாவம்.

மிச்சத்தையும் உதயாதான் சொன்னாள். போன வருடம் மாசியில் என்னைக் கொன்றிருக்கிறாய். எங்கள் வழக்கத்தில் பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் பேரன் வீட்டை விட்டு நகரக்கூடாது, சுடுகாட்டில் நெய்ப்பந்தம் பிடிக்கவேண்டியவனும் பேரன்தான் என்று அந்த மார்லீனிடம் விவரமாகச் சொல்லியிருக்கிறாய். வழக்கம் எல்லாம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய், நான் சொல்லிக்கொடுத்ததுதானே. அவள் மனசிளகி, போய்விட்டு நிதானமாக வா என்று லீவு கொடுத்திருக்கிறாள். நீ வந்தது டெல்லிக்கா? ஸ்பெயினுக்குப் போனாய். அங்கிருந்து எனக்கு ஒரு போட்டோ அனுப்பினாய், "மிஸ் யூ அப்பத்தா" என்று. எனக்கு எதுவும் மறக்காது. மஞ்சள் சட்டை, பின்னால் கல் கோபுரம், கையில் ஐஸ்கிரீம். நெய்ப்பந்தம் பிடிக்கவேண்டிய கையில் ஐஸ்கிரீம் பிடித்திருந்தாய் கௌதமா. அது என் காரியப் போட்டோ என்று தெரியாமல், "என் ராசா இளைச்சுட்டான்" என்று மலை மந்திர் முருகன் கோவில் வாசலில் பூக்காரி வரைக்கும் காட்டிவிட்டு வந்தேன்.

அதோடு விட்டாயா? எங்கள் வழக்கத்தில் செத்த வருடம் முழுக்க ஒவ்வொரு அமாவாசையும் விரதம் இருக்கவேண்டும், அன்று கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்றிருக்கிறாய். கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்று எந்தப் பூசாரி உனக்குச் சொன்னான்? அந்த அமாவாசையாவது ஒழுங்காக வந்ததா? உன் நாட்டில் அமாவாசை ஒன்று வெள்ளிக்கிழமை வருகிறது, இல்லாவிட்டால் திங்கட்கிழமை வருகிறது. செவ்வாய், புதனில் தப்பித்தவறிக்கூட வருவதில்லை. நிலாவே சனி ஞாயிறு பார்த்துத்தான் தேய்கிறது போல. ஒரு அமாவாசைக்குப் பிராகு, ஒரு அமாவாசைக்கு வெனிஸ், ஒரு அமாவாசைக்கு போர்ச்சுகல் கடற்கரை. அந்தக் கடற்கரைப் படத்தில் நீ நிற்கிறாய், உன் தலைக்கு மேல் தாம்பாளம் மாதிரி முழு நிலா நிற்கிறது. உதயாவைக் கேட்டேன், "இது என்னடி?" என்று. அவள் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஸ்ட்ரீட் லைட் இருக்கும் அப்பத்தா" என்றாள். கடலுக்குள் எவன் ஸ்ட்ரீட் லைட் போட்டான்?

எனக்கு வயிறு எரிந்தது செத்ததற்காக இல்லை. வயசாச்சு, ஒருநாள் சாகத்தான் வேண்டும். உனக்கு முதல் தடவை விசா இல்லை என்று திருப்பினார்களே, நீ இரண்டு நாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாயே, அப்போது நான் வெறுங்காலோடு மலை மந்திர் படியேறி, "பிள்ளைக்கு வழி விடு, பங்குனி உத்திரத்துக்கு அவன் கையால உனக்குப் பால்குடம் எடுக்க வைக்கிறேன்" என்று சுவாமிநாதனிடம் வேண்டிக்கொண்டேன். அவன் வழிவிட்டான். நீ போனாய். அதற்கப்புறம் மூன்று உத்திரம் போய்விட்டது. ஒவ்வொரு வருடமும் நீ, "லீவு இல்ல அப்பத்தா" என்கிறாய். ஒவ்வொரு வருடமும் நான் படியேறிப் போய், பிள்ளைக்கு வேலை அதிகம், அடுத்த வருடம் என்று வாய்தா வாங்கிக்கொண்டு வருகிறேன். முருகனாவது லீவு கொடுத்தான், வாய்தா கொடுத்தான், ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. லீவு இல்லாமல் இல்லை, எனக்கு இல்லை என்பதுதான் இப்போது தெரிகிறது.

சனிக்கிழமைக்கு வருகிறேன். உன் அப்பா ரமேஷ்குமார் சர்க்கார் ஆபீசில் செக்ஷன் ஆபீசராக இருந்து என்ன பிரயோசனம், என் எதிரே வந்து நிற்கும்போது ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி நின்றான். "அம்மா, சும்மா ஒரு பேச்சுக்குத்தான். அந்தப் பொம்பளை வந்துட்டுப் போற வரைக்கும் நீங்க அப்பத்தா இல்ல, அப்பத்தாவோட தங்கச்சி. சரியா?" என்றான். "பேச்சுக்குச் செத்தா பேச்சுக்குச் சோறு போடுவியா?" என்று கேட்டேன். "பையன் வாழ்க்கைம்மா" என்றான்.

மாலை போட ஒரு படம் வேண்டுமே என்றேன். உன் அம்மா சட்டென்று உள்ளே போய் அலமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு படத்தை எடுத்து வந்தாள். பெரிதாக்கி, சட்டம் போட்டு, கண்ணாடி மாட்டி, கொக்கி வரைக்கும் அடித்துத் தயாராக இருந்தது. "இது எப்ப தமிழ்செல்வி பண்ணினே?" என்று கேட்டேன். "போட்டோ நல்லா இருந்துச்சு அத்தை, அதான் போட்டு வச்சேன்" என்றாள். நல்ல போட்டோவைச் சுவரில் மாட்டுவார்கள், சேலைக்கு அடியில் யாராவது வைப்பார்களா? உன் அப்பா மார்க்கெட்டுக்குப் போய் சந்தனச் சீவல் மாலை வாங்கிவந்தான். "பூமாலை வாடிருமே, இதுன்னா வீணாப் போகாதும்மா, பின்னால உதவும்" என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. இதெல்லாம் பெற்ற வயிற்றுக்கும் கட்டிவந்தவளுக்கும் நடுவில் நடந்தது, உனக்கு எதற்கு. சொல்லிவைத்தேன்.

மார்லீன் வந்தாள். நெட்டையாக, வெள்ளை வெளேரென்று, என் மகள் வயசு இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள், அது உன் கூட்டாளிகள் செய்யாத காரியம். கையில் வெள்ளைப் பூங்கொத்து. அவளை உதயா படத்துக்கு முன்னால் கூட்டிப்போனாள். படத்துக்கு நேர் கீழே, நாற்காலியில், நான். என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள், படத்தில் இருப்பதும் அதே கண்ணாடிதான், ஒரு காதுக்குக் கம்பி ஒடிந்து கறுப்பு நூல் கட்டியிருக்கும். அதனால் எனக்கு அவள் ஒரு நெட்டை மஞ்சள் புகை மாதிரிதான் தெரிந்தாள். அந்தப் புகை என் படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நின்றது. என் தலைக்கு மேல் எனக்கே ஒருத்தி அஞ்சலி செய்கிறாள். தும்மல் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

உன் அம்மா வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வைத்தாள். அங்கே ஒரு காப்பிக்கு ஒரே ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு டப்பாவை மூடிவிடுவார்கள் என்று நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இவள் தட்டைக் காலிசெய்துவிட்டு, உன் அம்மா இன்னும் வைத்ததையும் காலிசெய்தாள். சாப்பிட்டுக்கொண்டே உன் அப்பாவிடம் இங்கிலீஷில் என்னமோ கேட்டாள். அவனுக்கு வியர்த்தது. உதயா என் காதில் சொன்னாள், "உங்க ஊர் அமாவாசை எப்படி எப்பவும் ஃப்ரைடேவே வருதுன்னு கேக்கறாங்க அப்பத்தா." உன் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆபீஸ் ஃபைலுக்குக் குறிப்பு எழுதுவது மாதிரி பதில் சொன்னான். அதாவது, அமாவாசை ஒரு ரெஸ்ட்ரிக்டெட் ஹாலிடே, மேடம், அவரவர் வசதிப்படி எடுத்துக்கொள்ளலாம், மேலதிகாரியின் ஒப்புதலுக்கு உட்பட்டது. சந்திரனுக்கே சர்க்குலர் அனுப்பிவிட்டான்.

இதுவரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. கேட்டுக்கொள். தங்கச்சி மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அவள் அந்தப் பேச்சை எடுத்தாள். உதயா ஒவ்வொன்றாக எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். "அண்ணாவுக்கு இன்னொரு பாட்டி இருக்காங்களாமே, தேவகோட்டையில, அம்மாவோட அம்மா. அண்ணாவுக்கு டெங்கு வந்தப்போ அவங்கதான் பப்பாளி இலை ஜூஸ் பண்ணிக் குடுத்து, ஹாஸ்பிடல்ல பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டாங்களாம். அவங்களையும் மீட் பண்ணணும்ங்கறாங்க."

கௌதமா. அந்த நேரத்தில் எனக்கு நீ என்னைக் கொன்றது பெரிதாகத் தெரியவில்லை. தேவகோட்டைக்காரியை உயிரோடு விட்டாயே, விட்டதோடு நில்லாமல் என் பப்பாளி இலையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாயே. உன் அம்மாச்சி அந்தத் தடவை டெல்லிக்கு வந்து என்ன செய்தாள்? டி.வி. ரிமோட்டைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. தண்ணி உப்பு என்றாள், ரொட்டி ரப்பர் என்றாள், உன்னை ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தது ஒரே ஒரு நாள், அன்றைக்கும் ஏ.சி. குளிருது என்று சீக்கிரம் கிளம்பினாள். போகும்போது என் மெரூன் கலர் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போனாள், இன்னும் அது திரும்பி வரவில்லை. முனிர்காவில் உன் சிநேகிதன் நிகில் வாடகைக்கு இருந்த ரூமுக்குப் பின்னாலே பப்பாளி மரம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய், வீட்டுக்காரன் என்ன வேண்டும் என்பதை "க்யா சாஹியே அம்மா?" என்று கேட்டதற்கு இந்தி தெரியாமல் இலையைப் பிய்த்து வாயில் வைத்துக் காட்டினேன். அவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்து வீட்டுப் பொம்பளையைக் கூப்பிட, அவள் வந்து விஷயம் புரிந்து கண்ணில் தண்ணி வைத்துக்கொண்டு ஒரு கட்டு பறித்துத் தந்தாள். இடித்தது நான். பிழிந்தது நான். கசப்பு என்று நீ என் மேலேயே துப்பினாய், அந்தச் சேலைக் கறை இன்னும் போகவில்லை.

எழுந்துவிட்டேன். "இலையை இடிச்சது நான்! அந்த ஸ்வெட்டர்க்காரி இல்ல!" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன், யாரிடம் கத்துகிறோம் என்று தெரியவேண்டும் இல்லையா. உன் அப்பாவின் கையில் இருந்த காப்பி சட்டையில் கொட்டியது. மார்லீன் பயந்து உதயாவைப் பார்த்தாள். உதயா இங்கிலீஷில், சின்னப் பாட்டியும் கொஞ்சம் உதவி செய்தார்களாம் என்று மாற்றிச் சொன்னாள். கொஞ்சமா? "கொஞ்சம்னு சொல்லாதேடி!" என்றேன். "அப்பத்தா ப்ளீஸ், சுப் ரஹோ" என்று வாயை மூடச் சொல்லி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அப்பத்தா என்று கூப்பிட்டுவிட்டாள், அதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

மார்லீன் தட்டைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள், தலைக்கு மேல் படத்தைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக ஒன்று சொன்னாள். உதயா அதை எனக்குச் சொல்லாமல் தட்டை எடுக்கப் போனாள். "என்னடி சொல்றா?" என்று நான் அதட்டின பிறகு சொன்னாள். நீ லீவு கேட்கப் போன அன்றைக்கு அவளிடம் இப்படிச் சொன்னாயாம்: "என் அப்பத்தா எதையும் மறக்க மாட்டாங்க. யார் என்ன பண்ணினாலும் ஞாபகம் வச்சுத் திட்டுவாங்க. நான் சின்ன வயசுல எப்படி இருந்தேன்னு அவங்க ஒருத்தருக்குத்தான் முழுசாத் தெரியும். அவங்க போனதும் நானும் பாதி போயிட்டேன்." இதைச் சொல்லும்போது நீ அழுதாயாம். அந்த அழுகையைப் பார்த்துத்தான் அவள் காகிதம் ஒன்றும் கேட்காமல் லீவு கொடுத்தாளாம்.

நான் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு இப்போது ஒரே ஒரு விஷயம்தான் தெரியவேண்டும். அந்த வார்த்தையை மனசிலிருந்து சொன்னாயா, லீவுக்காகச் சொன்னாயா? அழுதது எனக்கா, ஸ்பெயினுக்கா? போனில் கேட்டால் நீ நல்லதாகத்தான் சொல்வாய், உனக்கு வாய் இருக்கிறது. முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். நாலு வயசில் கல்கண்டு டப்பாவைக் கவிழ்த்துவிட்டு எறும்பு கவிழ்த்தது என்று சொன்னாயே, அப்போதும் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தானா பக்கத்துப் பிளாக் வத்சலா மாமி வரவேண்டும். இரவல் வாங்கின டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், திறந்த கதவு வழியாக முதலில் பார்த்தது மாலை போட்ட என் படத்தை. டப்பாவைக் கீழே போட்டாள். "ஐயையோ, அம்சவேணி! நேத்திக்குக்கூட மலை மந்திர்ல பார்த்தேனேடி! நன்னா கால் நீட்டிண்டு பிரசாதம் சாப்பிட்டுண்டிருந்தியே!" என்று அலறினாள். இந்த மாமி என்ன சொல்கிறாள் என்று மார்லீன் கேட்டாள். உதயா முழித்துவிட்டு, "பாட்டி இன்னும் கோவிலில் இருப்பது போலவே இவங்களுக்கு உணர்வு வருதாம்" என்று சொல்லியிருக்கிறாள். மார்லீன் நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தாள். அதற்குள் வத்சலா நாற்காலியில் என்னைப் பார்த்துவிட்டாள். வாய் திறந்தது, மூடவில்லை. "வா வத்சலா, ஒரு வருஷமாச்சு, உக்காரு" என்றேன். உன் அம்மாவும் உதயாவும் அவளை ஆளுக்கொரு பக்கம் பிடித்து சமையற்கட்டுக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார்கள். உன் அப்பா டிரைவரைக் கூப்பிடுகிறேன் என்று சட்டைக் காப்பியோடு கீழே ஓடினான். வந்தவளை வாசல் வரை வழியனுப்ப ஒரு ஆள் இல்லை. நான்தான் படியிறங்கி அனுப்பிவைத்தேன். வத்சலாவின் வாய் உனக்குத் தெரியும். மறுநாள் கோவில் பெண்கள் வாட்ஸ்ஆப்பில் எனக்குப் பாதிப் பேர் இரங்கல், பாதிப் பேர் நீடூழி வாழ்க. பூக்காரி என்னைக் கண்டதும் விபூதியை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டாள்.

ஆனால் ஒன்று. உன் அப்பா, அம்மா, தங்கை மூன்று பேர் முன்னால் நான் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பப்பாளி இலைக்கு மட்டும்தான் வாய் திறந்தேன். உன் வேலை பத்திரம், உன் விசா பத்திரம். அமாவாசை இனிமேலும் உன் சௌகரியம் போல வரட்டும். பங்குனி உத்திரம் இந்த வருடமும் வருகிறது, அதற்கு நீ வரவேண்டாம். செத்தவள் யாரையும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் லீவு இல்லை என்பாய், கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துவிட்டது. மறுபடியும் படியேறிப் போய் முருகனிடம் வாய்தா கேட்கிறேன், முழங்கால்தானே வலிக்கப்போகிறது, செத்த முழங்கால்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடு. உன் சானலுக்கு இன்னும் கைதட்டு சேரட்டும். பதினாறு செல்வமும் பெற்று, நூறு வயசு இருந்து, உன் பேரன்களும் உன்னை லீவு விஷயத்தில் இப்படியே கௌரவிக்க வேண்டும் என்று மேலேயிருந்து, அதாவது இரண்டாவது மாடியிலிருந்து, வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன்னால் சொர்க்கம் சேர்ந்த
அப்பத்தா அம்சவேணி

பி.கு.: மூன்று பேர் முன்னால் காட்டிக்கொடுக்கவில்லை என்று எழுதினேன், அது சத்தியம். படியில் அந்த மூன்று பேரும் இல்லை. நானும் மார்லீனும்தான். முதல் மாடித் திருப்பத்தில் நின்று, மேலே என் படம் இருக்கிற பக்கம் கையைக் காட்டி, என் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "மே ஜிந்தா" என்றேன், நான் உயிரோடு இருக்கிறேன் என்று. நான் காய்கறிக்காரனிடம் பேசுகிற இந்திதான். அவள் சிரித்துவிட்டு, "முஜே பதா ஹை" என்றாள், எனக்குத் தெரியும் என்று. இங்கே வருவதற்காக போனில் இந்தி படித்தாளாம். கண்ணாடியில் கட்டின கறுப்பு நூலை விரலால் தொட்டுக் காட்டினாள். அப்புறம் இரண்டு பேரும் படியிலேயே உட்கார்ந்து பாதி இந்தியும் பாதி சைகையுமாகப் பேசினோம். நீயாகவே அவளிடம் போய் நடந்ததைச் சொல்கிறாயா என்று திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்பாளாம். அதனால் உதயா அனுப்பினதும் இதை வாசி, வாசித்ததும் போய்ச் சொல். அமாவாசை என்று நீ எடுத்த வெள்ளிக்கிழமையை எல்லாம் இந்த வருட லீவில் கழித்துக்கொள்வாளாம், மிச்சம் ஒரே ஒரு வாரம். அந்த வாரத்தை எங்கே செலவழிப்பது என்று அவளும் நானும் பேசி முடித்துவிட்டோம், பால்குடத்துக்கு நான் சொல்லிவைத்தாயிற்று. வேலையை விட்டு உன்னைத் தூக்கிவிடாதே என்று நான்தான் கேட்டேன். எப்படிக் கேட்டாய் என்பாய். சீரியலில் சாகப்போகிறவர்கள் சொல்வார்களே, "ஆக்ரி இச்சா" என்று, அப்படிக் கேட்டேன். அந்த வார்த்தை அவளுக்குப் புரியவில்லை, போனில் தட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். செத்தவர்களின் கடைசி ஆசையைத் தட்டுகிற வழக்கம் அவர்கள் ஊரிலும் இல்லையாம்.